வேணாம் மெக்கானிக்

என் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் தவிர அதை வேறெங்கும் பார்க்க முடியாது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'வேணாம் மெக்கானிக்'. பழைய கார் வாங்க நினைப்பவர்கள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் வண்டியைச் சுற்றி வருவார், குனிவார், கீழே படுப்பார், எழுந்து துணியில் கையைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் "வேணாம்" என்பார். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று கேட்டால்தான் காரணம் சொல்வார், அதுவும் நாலு வார்த்தைக்கு மேல் போகாது.

"நல்லவேளை, எங்க கல்யாணத்தப்போ இவர் மெக்கானிக் ஆகல. ஆகியிருந்தா என்னையும் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வேணாம்னுட்டுப் போயிருப்பார்" என்று அண்ணி சொல்லாத நாள் கிடையாது. அண்ணன் காதில் விழாத மாதிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

வெளியாட்களுக்குப் பத்தில் ஏழு வண்டிக்கு வேணாம் என்றால், எங்கள் வீட்டுக்குப் பத்துக்குப் பத்தும் வேணாம். மூன்று வருடங்களில் எனக்காகப் பதினாலு கார் பார்த்தார். ஒன்றின் கதவு மூடும் சத்தம் சரியில்லை. ஒன்றில் கால்மிதிக்கு அடியில் ஈரம். ஒன்றின் சொந்தக்காரர் ரொம்பச் சிரித்தாராம், அதனால் வேணாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவரை ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வராது, ஏனென்றால் அந்த வேணாம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நாங்கள் முதல் கார் வாங்கினோம். மீட்டரில் முப்பத்தோராயிரம் கிலோமீட்டர். அண்ணன் பார்த்துவிட்டு, "தங்கமான வண்டி, கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்றார். அப்போதெல்லாம் அவர் வாயில் 'வாங்கு' தாராளமாக வரும். வாங்கிய ஐந்தாம் மாதம், பாலத்து இறக்கத்தில் பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. முன்னால் ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். என் கணவர் வண்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் திருப்பினார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அன்றைக்கு எடுத்த கைத்தடியை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.

நொறுங்கிய வண்டி அண்ணனுடைய பட்டறைக்குத்தான் வந்தது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தவர் பிரேக் மிதியின் ரப்பரைப் பார்த்தார். இரும்பு விளிம்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. முப்பத்தோராயிரம் ஓடிய வண்டியில் அப்படித் தேயாது. லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டியின் மீட்டரை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். அடியில் போகிற பிரேக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. மீட்டர் எண்ணைப் பார்த்து மயங்கி, அடியில் படுத்துப் பார்க்காமல் விட்டது அண்ணன்தான். பட்டறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார். என் அண்ணன் அழுது நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

"விடுங்க மச்சான், கால்தான போச்சு, ஆளு இருக்கேன்ல" என்று என் கணவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னார். அவர் அன்றைக்கே விட்டுவிட்டார். அண்ணன்தான் விடவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் அவர் முதலில் குனிந்து பார்ப்பது மிதி ரப்பரை.

இதெல்லாம் தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை நான் விரட்டிக் கிளப்பியதற்குக் காரணம் இருக்கிறது. என் கணவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இருபத்தாறு வருட வேலை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். போன மாதம் பஸ் படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். அடி ஒன்றுமில்லை, தைரியம்தான் போய்விட்டது. மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார். தன்னுடைய சிவப்புப் பேனாக்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேலே வைத்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். தினமும் கொண்டுபோய் விட்டுவிட்டு என் வேலைக்குப் போக முடியும். வண்டிதான் இல்லை, மாதம் முடியப் பத்து நாள்தான் இருந்தது.

ஒரு வயதான அம்மா கார் விற்பதாகக் கேள்விப்பட்டோம். பதிமூன்று வருடத்து வண்டி, ஒரே சொந்தக்காரர், ஓடியது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

"பதிமூணு வருஷத்துல பதினெட்டாயிரமா?" என்றார் அண்ணன், ஸ்கூட்டரை உதைத்தபடி. "ஒண்ணு, மீட்டர் பொய்யா இருக்கணும். இல்ல, வண்டி நின்னு நின்னே கெட்டுப்போயிருக்கணும்."

"நல்லாவும் இருக்கலாம்ல?"

"பாப்போம்" என்றார். அந்தக் குரலிலேயே வேணாம் பாதி வந்துவிட்டது.

சந்தின் கடைசி வீடு. பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட கொட்டகை, சிமெண்ட் தரை, அதில் உறை போட்ட சாம்பல் நிறக் கார். அந்த அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. ஒல்லி உடம்பு, பெரிய கண்ணாடி. ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவராம். உறையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, நாலாக மடித்து, ஓரமாக வைத்துவிட்டு, "பாருங்க தம்பி, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க" என்றார். கணவர் எட்டு மாதத்துக்கு முன்னால் தவறிவிட்டார், வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போகப் போகிறேன் என்றும் சொன்னார்.

அண்ணன் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓடவிட்டு எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். அதைக் கதவு, சக்கர வளைவு எல்லாவற்றிலும் ஒட்டிப் பார்த்தார். அடிபட்டதை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. இங்கே எல்லா இடத்திலும் கப்பென்று ஒட்டியது. என் வேலை போட்டோ எடுப்பது. நாலு சக்கரம், இன்ஜின், அடிப்பக்கம், மீட்டர் என்று ஒன்று விடாமல் எடுக்கச் சொல்வார். எடுப்பதோடு சரி, அவர் அதைத் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

ஆயில் கம்பியை உருவிப் பார்த்தபோது அவர் புருவம் கொஞ்சம் இறங்கியது. நல்ல குறி. எனக்குள்ளே ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, டார்ச்சை அடித்து, மிதிகளைப் பார்த்தார்.

குனிந்தவர் நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று.

கிளச், பிரேக் இரண்டு ரப்பரும் வழவழவென்று தேய்ந்து, பிரேக்கின் ஒரு ஓரத்தில் இரும்பு தெரிந்தது. கியர் குமிழில் எண்கள் அழிந்திருந்தன. குதிகால் படும் இடத்தில் தரைவிரிப்பு ஓட்டை. முன் இருக்கைகள் இரண்டும் குழிந்திருந்தன. பின் இருக்கை மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. அண்ணன் துணியை எடுத்தார். கையைத் துடைத்தார். அவர் கண்ணுக்கு முன்னால் எந்த வண்டி நின்றது என்று எனக்குத் தெரியும், அது இந்த வண்டி இல்லை.

"மீட்டரத் திருப்பியிருக்காங்கம்மா" என்றார்.

"யாரு?"

"யாரு ஓட்டுனாங்களோ அவங்க. இந்த மிதி லட்சத்துக்கு மேல ஓடுன மிதி."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். "இத ஓட்டுனது அவர் ஒருத்தர்தாங்க. அவர் அப்படிப்பட்டவர் இல்ல."

"நான் அவரச் சொல்லலம்மா. வண்டியச் சொல்றேன். வேணாம்."

அந்த அம்மா மடித்து வைத்த உறையை விரித்து, வண்டியை மூடி, நாலு மூலையிலும் முடிச்சுப் போட ஆரம்பித்தார். நான் ஒரு முடிச்சுக்குக் கை கொடுக்கப் போனேன். "பரவால்லம்மா, எனக்குப் பழக்கம்" என்று சொல்லி என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

தெருமுனை டீக்கடையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஒனக்கு எந்த வண்டியும் பிடிக்காதுண்ணா. நீ அந்தப் பாலத்த விட்டு இன்னும் இறங்கவே இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் அவ்வளவு சின்னதாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் போனை எடுத்து, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன், அழித்துவிடலாம் என்று.

"இரு" என்றார் அண்ணன். "அந்த டயரக் காட்டு. பெருசாக்கு."

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். எந்த வாரம், எந்த வருடம் அந்த டயர் செய்யப்பட்டது என்று அது சொல்லும். அண்ணன் கண்ணைச் சுருக்கிப் படித்தார். வண்டி பிறந்த அதே வருடம். "அடுத்தது." அதுவும் அதே வருடம். நாலும் அப்படியே. ஓரமெல்லாம் கீறல் கீறலாக வெடித்திருந்தது, ஆனால் தரையில் படும் பள்ளங்கள் ஆழமாக இருந்தன. டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியில், புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ரப்பர் முடிகூட உதிரவில்லை.

"லட்சம் ஓடுன வண்டில கம்பெனி டயர் இருக்காது" என்றார் மெதுவாக. "மொட்டையாகி ரெண்டு தடவ மாத்தியிருப்பாங்க. மீட்டர் நெசம்."

"அப்ப மிதி?"

"அதான் புரியல" என்றார். என் அண்ணன் வண்டியைப் பற்றிப் புரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "மிதியப் பாத்ததும் டயரப் பாக்காம விட்டுட்டேன். அன்னிக்கு ஒண்ணப் பாத்து ஏமாந்தேன், இன்னிக்கு இன்னொண்ணப் பாத்து..." முடிக்காமல் எழுந்துவிட்டார். டீ அப்படியே இருந்தது.

திரும்பிப் போனபோது அந்த அம்மா கொட்டகையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கார் கொட்டகைக்கு யாராவது செருப்பைக் கழற்றுவார்களா? அவர் கழற்றினார்.

"இன்னொரு தடவ பாக்கலாமாம்மா?"

அவர் தலையை ஆட்டினார். அண்ணன் உறையைத் தூக்கிவிட்டு முன் சக்கரத்தின் அருகில் மண்டியிட்டார். சக்கரத்துக்கு அடியில் சிமெண்ட் தரையில் கையகலத்துக்குக் கருப்பாக, வழவழப்பாக ஒரு வளைவு. மறுபக்கச் சக்கரத்தின் கீழும் அதே மாதிரி. அண்ணன் அதை விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். ரப்பர்.

"வண்டி நின்ன எடத்துலயே நிக்க, யாரோ ஸ்டியரிங்கத் திருப்பியிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்குல. யாரும்மா?"

அந்த அம்மா, "சொன்னா சிரிப்பீங்கன்னுதான் அப்பவே சொல்லல" என்றார்.

அவருடைய கணவர் நாற்பது வருடம் ஊரார் லாரியை ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று வாங்கிய இந்தக் கார்தான் அவர் சொந்தமாக ஓட்டிய முதல் வண்டி. இரண்டு வருடம் இருவரும் ஊர் ஊராகச் சுற்றினார்கள். பிறகு கண்பார்வை மங்க ஆரம்பித்தது, அடுத்த வருடமே முழுக்கப் போய்விட்டது. வண்டியை விற்றுவிடலாம் என்று இந்த அம்மா சொன்னபோது, "விக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ உக்காந்துக்கிறேன்" என்றாராம். கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். கணவர் சாவியைத் திருகினார், இன்ஜினை மட்டும் ஓடவிடவில்லை. அவர் பெல்ட்டைப் போட்டார், கிளச்சை மிதித்தார், கியரைத் தள்ளினார். பிறகு, "ரோடு எப்படி இருக்குன்னு சொல்லு" என்று கேட்டார்.

"நானும் சொன்னேன்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "காலியா இருக்கு, போங்கன்னேன். அப்புறம் சிக்னல் வருதுன்னேன், பிரேக் போட்டார். முன்னால லாரி, வலது பக்கம் ஒடிங்கன்னா ஒடிப்பார். அன்னிக்கு ஒரு மணி நேரம் போனோம். மறுநாளும் சாயங்காலம் ஆச்சுன்னா சட்டை மாத்திக்கிட்டு ரெடியாயிட்டார். ஒன்பது வருஷம் தம்பி. ஒரு நாளும் பெல்ட் போடாம எடுத்ததில்ல, நானும் போட்டுக்கணும். வேகமாப் போனா திட்டுவேன். மழை பெய்யுதுன்னா மெதுவாப் போவார். எனக்குத் தெரிஞ்ச ரோடெல்லாம் தீந்துபோய், நானே ரோடு போட ஆரம்பிச்சுட்டேன். மலையெல்லாம் ஏறியிருக்கோம்."

"இன்ஜின்?" என்று கேட்டார் அண்ணன்.

"ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஓடவிட்டுக் காத வச்சுக் கேப்பார். அவர் போனதுக்கு அப்புறம் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து ஸ்டார்ட் பண்ணித் தர்றார்." பிறகு, "அவர ஏமாத்துக்காரர்னு மட்டும் நெனச்சுடாதீங்க. எனக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் கைகூப்பி, "தப்பு என்னோடதும்மா. அவர் மேல பழி போட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றார். வீட்டில் அண்ணியிடம்கூட அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் அண்ணி நாலு தெருவுக்குக் கேட்கச் சொல்லியிருப்பார்.

அப்போதும் அவர் 'வாங்கலாம்' என்று சொல்லவில்லை. "வேணாம்னு சொல்லல" என்றார். அதுவே அவருக்குப் பெரிய பிரசங்கம். அந்த அம்மாவின் சம்மதத்தோடு வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார். நின்றே இருந்த வண்டியில் ரப்பர்தான் முதலில் சாகும். டயர், பெல்ட், தண்ணீர்க் குழாய்கள், பிரேக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினார். ஒன்பது வருடம் மிதி வாங்கிய பிரேக் பம்பைப் பிரித்து, உள் ரப்பரை மாற்றி, மூன்று தடவை கழற்றி மூன்று தடவை பூட்டினார். பிரேக் கட்டைகள் புதுசாகவே இருந்தன, இருந்தும் மாற்றினார். ஐந்து நாள் வேறு வண்டியைத் தொடவில்லை. மிதி ரப்பரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். அண்ணி கேட்டதற்கு, "அது இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அண்ணன் ஓட்ட, டைப்பிஸ்ட் அம்மா பக்கத்து இருக்கையில், நானும் என் கணவரும் பின்னால். அந்த அம்மா உட்கார்ந்ததும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அண்ணன் போட்டாரா என்று திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டுச் சந்து முனையைத் தாண்டியதும் அவர் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

"எடது பக்கம் சைக்கிள். ஒதுங்கிப் போங்க. முன்னால பள்ளம்."

சொல்லிவிட்டு, "ஐயோ, மன்னிச்சுக்கங்க தம்பி, பழக்கதோஷம். ஒங்களுக்குத்தான் கண்ணு தெரியுமே" என்றார்.

"சொல்லுங்கம்மா" என்றார் அண்ணன். "நீங்க சொன்னா எனக்குத் தைரியமா இருக்கு."

அவர் சொல்லச் சொல்ல அண்ணன் ஓட்டினார். அண்ணன் எங்கே போகிறார் என்று எனக்குப் பாதி வழியில்தான் புரிந்தது. என் கணவருக்கு முன்பே புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. பதினோரு வருடமாக அண்ணன் அந்தப் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார், இரண்டு மைல் கூடுதலானாலும்.

பாலத்தில் ஏறினோம். உச்சியைத் தாண்டியதும் கீழே சுவர் தெரிந்தது. உடைந்து திரும்பக் கட்டிய இடம் மட்டும் இன்னும் வேறு நிறத்தில் இருந்தது.

"எறக்கம் வருது" என்றார் டைப்பிஸ்ட் அம்மா, சாதாரணமாக. "மெதுவா மிதிங்க. மெதுவா. ஆங், அப்படித்தான்."

அண்ணன் தேய்ந்த அந்த மிதியில் காலை வைத்தார். வண்டி அலுங்காமல் நின்றது. விட்டு, உருளவிட்டு, மறுபடி மிதித்தார். நின்றது. மூன்றாவது தடவையும் நின்றது. பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. அண்ணனுக்கு அது காதில் விழவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என் கணவரைப் பார்த்தார். கண்கள் நிரம்பியிருந்தன.

"மாப்ள" என்றார். "வாங்கலாம்."

என் கணவர் என் கையை விட்டுவிட்டு அண்ணன் தோளைத் தட்டினார். "சரி மச்சான். நாளைக்கு நான் பிரஸ்ஸுக்குப் போகணும். மொதல்ல வண்டிய எடுங்க, பஸ்காரன் நம்மளத் தின்னுடுவான்."

திரும்பி வந்து அந்த வீட்டு வாசலில் நின்றபோது டைப்பிஸ்ட் அம்மா குனிந்து மீட்டரைப் பார்த்தார். "பன்னெண்டு கிலோமீட்டர் கூடியிருக்கு" என்றார். ஒன்பது வருடம் அவர் பார்த்துக்கொண்டிருந்த எண் அது, ஒருநாளும் நகராத எண். விரலை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தார்.

அண்ணன் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினார். அந்தச் சத்தம் அடங்கியதும், ஒன்பது வருடமாகச் சொன்ன அதே குரலில், யாரிடம் என்றில்லாமல் அந்த அம்மா சொன்னார்:

"வீடு வந்தாச்சு. பாத்து எறங்குங்க."

என் கணவர் கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி, பார்த்து இறங்கினார்.